மூன்றாவது நாற்காலி

தங்கபுஷ்பம் அக்காவுக்குச் சிவப்பு விளக்கு எரிந்தபோது மணி ஒன்பதரை. வரிசையில் நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். என் தாடை இயந்திரத்தின் தாங்கியில் அழுந்தியிருந்ததால் என்னால் திரும்பிப் பார்க்க முடியவில்லை. முடிந்திருந்தால் மூன்றாவது நாற்காலியில் இருந்த சித்திரைவேல் மேஸ்திரியைத்தான் பார்த்திருப்பேன். வேறு யார் இதைச் செய்திருப்பார்கள்?

இப்போது ஓட்டுப் போட அட்டை வேண்டாம். புகைப்பட அட்டையை ஒழித்து ஒன்பது வருடம் ஆகிறது. யார் முகத்தையும் யார் வேண்டுமானாலும் செல்போனில் செய்துகொள்ளலாம் என்று ஆனது. அப்புறம் படங்களைச் சேர்த்து வைத்திருந்த கணினிக்குள்ளேயே யாரோ புகுந்து, ஒரு மாவட்டத்தின் பாதிப் படங்களை மாற்றிவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் சட்டம் வந்தது. ஒருவர் இந்த ஊர்க்காரர்தான் என்பதற்கு ஊர்க்காரர்களின் கண்ணே சாட்சி.

வாக்காளர் பட்டியலிலிருந்து மூன்று பேரைக் குலுக்கல் முறையில் எடுத்து நாற்காலியில் உட்கார வைப்பார்கள். ஒருவரை ஒருவர் பார்க்க முடியாதபடி நடுவில் தட்டி இருக்கும். கண் டாக்டரிடம் வைப்பதுபோல் தாடையை வைத்து, கண்ணாடி வழியாகப் பார்க்க வேண்டும். எதிரே தரையில் போட்ட மஞ்சள் கோட்டில் வாக்காளர் வந்து நிற்பார். தெரிந்த முகத்தைக் கண்டால் கண்ணின் பாப்பா கடுகளவு விரியுமாம். மூன்றில் இரண்டு பேருக்கு விரிந்தால் பச்சை. இல்லாவிட்டால் சிவப்பு.

அன்று முதல் நாற்காலியில் நான். இரண்டாவதில் பால்வாடி டீச்சர் விண்ணரசி. மூன்றாவதில் எங்கள் உப்பளத்து மேஸ்திரி.

காலையில் எல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது. மீன் வண்டி மரியதாஸ் மஞ்சள் கோட்டில் நின்றுகொண்டு, "பழைய அட்டையில எம்போட்டோவப் பாத்து எம்பொண்டாட்டியே இது யாருவேன்னு கேட்டா. ஆனா ஓட்டுப் போட விட்டானுவ. இப்ப என்னடான்னா சேர்மக்கனி கண்ணு எனக்குச் சீட்டு குடுக்கணுமாம்" என்றார், என்னைக் காட்டி. அவருக்குப் பச்சை எரிந்தது. "ஏட்டி, பாத்தியா? மறக்க முடியாத மொகம்" என்று சொல்லிக்கொண்டே போனார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் தாடை அசையும் என்று அடக்கிக்கொண்டேன். பத்தாம் வகுப்போடு நின்று அளத்துக்கு வந்தவள் நான். ஊரில் யாரிடமும் நின்று பேசியதில்லை. அப்படிப்பட்டவளின் கண்ணுக்கு முன்னால் ஊரே ஒவ்வொருவராக வந்து நிற்பது விசித்திரமாக இருந்தது.

பிறகுதான் தங்கபுஷ்பம் அக்கா வந்தார். அளத்தில் புடவைக்கு மேல் போடும் சட்டை இல்லை. கத்திரிப்பூ நிறத்தில் ஒரு சேலை. தலைத்துண்டு இல்லாமல் வந்திருந்தார். நான் பார்த்தேன். பார்த்தேன் என்றுதான் நினைத்தேன்.

சிவப்பு.

அக்காவுக்கு இது மூன்றாவது சிவப்பு. போன இரண்டு தேர்தலிலும் வேறு வேறு ஆட்கள் நாற்காலியில் இருந்தார்கள், அப்போதும் சிவப்புதான். கட்சிக்காரர்கள் செய்த வேலை என்று ஊர் பேசியது. மூன்று முறை தொடர்ந்து விழுந்தால் பெயர் பட்டியலிலிருந்து போய்விடும். ரேஷன், ஆஸ்பத்திரிச் சீட்டு, அளத்தில் வேலை எல்லாமே அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான். பத்து வருடத்துக்கு முன்னால் எங்கிருந்தோ இந்த ஊருக்குத் தனியாக வந்து, அளத்தின் கடைசியில் குடிசை போட்டுக்கொண்ட ஒருத்திக்கு, அந்தப் பட்டியலை விட்டால் ஊரில் வேறு எதிலும் பெயர் கிடையாது.

தேர்தல் அலுவலர் யாஸ்மின் மேடம் வாணியம்பாடிக்காரர். முகம் சுளிக்காமல் பேசுவார். "அம்மா, மூணாவது தடவைங்கறதால உங்களுக்கு ஒரு மறுபார்வை உண்டு. சாயங்காலம் நாலு மணிக்கு வாங்க. இந்தச் சீட்டை வச்சுக்குங்க" என்று ஒரு சிறிய தாளைக் கொடுத்தார்.

அக்கா அந்தத் தாளை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பின்னால் இருந்தவர், "எக்கா, வழிய விடுங்க" என்ற பிறகுதான் அதை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு நகர்ந்தார். தட்டிக்கு அந்தப் பக்கம் மேஸ்திரி குடிக்கத் தண்ணீர் கேட்பது காதில் விழுந்தது.

அன்றைய ஓட்டு ஊர் ஓட்டு. நானூறு ஏக்கர் அளத்தைச் சூரியத்தகடு போடும் கம்பெனிக்கு விடலாமா வேண்டாமா என்பது. விட்டால் மேஸ்திரிக்குக் கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை. வேண்டாம் என்று ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்று பேசிய ஒரே பெண் தங்கபுஷ்பம் அக்கா. அன்றைக்கு மேஸ்திரி, "மூஞ்சியக் காட்டாம பேசுதவளுக்கு ஊர்ல என்ன பேச்சு" என்று சொன்னது எனக்கு நினைவிருந்தது. கூட்டத்துக்கும் அக்கா துண்டு கட்டிக்கொண்டுதான் வந்திருந்தார்.

இயந்திரத்தை ஏமாற்ற வழி உண்டு என்று ஊரில் பல பேச்சு இருந்தது. மூக்குப்பொடி போட்டுக்கொண்டால் பாப்பா விரியாதாம். மனதுக்குள் பதிமூன்றாம் வாய்ப்பாடு சொன்னால் போதுமாம். மேஸ்திரியின் சட்டைப்பையில் மூக்குப்பொடி மட்டை எப்போதும் இருக்கும். வேறென்ன வேண்டும்?

சாப்பாட்டு இடைவேளைக்கு எழுந்ததும் நான் செய்தது இன்றும் எனக்கு ஆச்சரியம்தான். மேஸ்திரிக்கு முன்னால் போய் நின்றேன்.

"அண்ணாச்சி, தங்கபுஷ்பக்காவ ஒங்களுக்குத் தெரியாதா?"

அவர் வண்டிச் சாவியைத் தேடுவதுபோல் கீழே பார்த்தார். கழுத்து வேர்த்திருந்தது. "தெரியாம என்ன? மெசினக் கேளு. எங்கிட்ட ஏன் கேக்க?"

"அப்ப ஏன் செவப்பு விழுந்துச்சு?"

"ஏ புள்ள, ஒஞ்சோலியப் பாத்துட்டுப் போ." வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். குற்றம் இல்லாதவன் இப்படியா ஓடுவான்?

நான் யாஸ்மின் மேடத்திடம் போனேன். டீச்சரும் பின்னாலேயே வந்தார். தங்கபுஷ்பம் அக்கா பள்ளிக்கூட வாசல் வேம்படியில் தூக்குவாளியோடு உட்கார்ந்திருந்தார். பழையபடி துண்டு கட்டியிருந்தார்.

"மேடம், மேஸ்திரி மூக்குப்பொடி போட்டுட்டு ஒக்காந்திருக்காரு. நீங்க சோதிக்கணும்" என்றேன்.

மேடம் சிரித்தார். "மூக்குப்பொடி, பச்சை மிளகா, வாய்ப்பாடு எல்லாம் ஊருக்கு ஊர் கேட்டாச்சும்மா. எதுவும் வேலைக்கு ஆகாது. நீங்க யோசிக்கறதுக்கு முன்னாடியே கண்ணு சொல்லிடும். தெரிஞ்ச முகத்தைத் தெரியாத மாதிரி பாக்க யாராலயும் முடியாது. உங்களாலயும் முடியாது."

"அப்பொ?"

"அப்போ உங்க மூணு பேர்ல ரெண்டு பேராவது அவங்க முகத்தைப் பாத்ததே இல்லைன்னு அர்த்தம்."

எனக்குக் கோபம் வந்தது. "நான் ஆறு வருசமா அவங்களோட ஒரே பாத்தியில உப்பு வாருதேன். நடையப் பாத்தே சொல்லிருவேன்."

"நானுந்தான்," என்றார் விண்ணரசி டீச்சர். "தெனம் பால்வாடி வாசல் வழியாத்தான் போவா. பிள்ளைகளுக்கு முட்டாய் குடுப்பா. அவளத் தெரியாதுன்னு சொன்னா மாதாவுக்கே அடுக்காது."

மேடம் கொஞ்சம் யோசித்தார். பிறகு அக்காவை உள்ளே கூப்பிட்டார். "நீங்க இப்ப இருக்கற மாதிரியே வந்து நில்லுங்க. இது சும்மா சோதனைதான், கணக்குல வராது."

நானும் டீச்சரும் தாடையை வைத்தோம். அளத்தில் எல்லாப் பெண்களும் கட்டும் கட்டுதான். தலையைச் சுற்றி, மூக்கை மறைத்து, கழுத்தில் முடிச்சு. உப்பின் வெளுப்பு கண்ணைச் சுடும், தோலைத் தின்னும். அதனால் கண்ணுக்கு மட்டும் இடைவெளி. அந்த இடைவெளியில் இரண்டு கண்கள் எங்களைப் பார்த்தன.

பச்சை.

மேடம்தான் முதலில் பேசினார். "துண்டோட இருந்தா உங்க ரெண்டு பேருக்கும் இவங்களைத் தெரியுது. துண்டை எடுத்தா தெரியலை."

"அப்பொ துண்டோடயே போடட்டுமே," என்றேன்.

"துணிக்குப் பின்னாடி யார் வேணா நிக்கலாமேம்மா. முகம் திறந்திருக்கணும்ங்கறது சட்டம்."

அக்கா துண்டுக்குள்ளிருந்து பேசினார். "அப்ப இந்த ஊருக்கு நாந் தங்கபுஷ்பம் இல்ல, இந்தத் துண்டுதான் தங்கபுஷ்பம். அதுக்கு ஒரு பட்டியல் போடச் சொல்லுங்க மேடம்."

மேடம் சிரிக்கவில்லை. "மத்த அளத்துப் பொண்ணுங்களுக்கெல்லாம் பச்சை விழுந்துச்சே. அவங்களும் துண்டுதானே கட்டறாங்க?"

அதற்குப் பதில் எனக்குத் தெரியும். சொல்லத்தான் வாய் வரவில்லை. மற்றவர்கள் சாப்பிடும்போது அவிழ்ப்பார்கள். கல்யாண வீட்டில், கோயில் கொடையில், ரேஷன் வரிசையில் அவர்களைப் பார்ப்போம். தங்கபுஷ்பம் அக்காவுக்கு வாயைச் சுற்றி வெண்புள்ளி உண்டு என்று நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அம்மா சொல்லியிருந்தாள். "அவ சாப்பிடும்போது பாக்காத, மனசு சங்கடப்படும்." அப்படித்தான் எல்லா வீட்டிலும் சொல்லிவைத்திருந்தார்கள். அக்கா தூக்குவாளியைத் திறந்தால் நாங்கள் அத்தனை பேரும் அடுத்த பாத்தியைப் பார்ப்போம். தண்ணீர் குடித்தால் வானத்தைப் பார்ப்போம். அது மரியாதை என்று நினைத்தோம். காலையில் மஞ்சள் கோட்டில் அவர் துண்டில்லாமல் வந்து நின்றபோதும் நான் அதையே செய்திருக்கிறேன். சேலையின் நிறத்தைப் பார்த்திருக்கிறேன்.

"மேடம், இப்பப் பாத்துக்கிட்டா ஆகாதா?" என்று கேட்டேன். "சாயங்காலத்துக்குள்ள பதிஞ்சிருமா?"

"நெஜமாப் பாத்தா ஒரு தடவை போதும்." மேடம் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு எழுந்தார். "நாற்காலியில உட்கார்ந்திருக்கறவங்க வெளியில யாரையும் பாக்கக் கூடாதுன்னு சட்டத்துல எங்கயும் எழுதலை. நான் சாப்பிட்டுட்டு வரேன்."

வேம்படியில் நானும் அக்காவும் எதிரெதிரே உட்கார்ந்தோம். டீச்சரையும் கூப்பிட எழுந்தேன். அக்கா என் கையைப் பிடித்து இழுத்தார்.

"அவ எதுக்கு? நீ ஒருத்தி போதும்."

"எக்கா, ரெண்டு கண்ணு வேணும். ஒண்ணு பத்தாது."

"நீ ஒருத்தி போதும்ங்கேன்ல."

சட்டம் அவருக்குச் சரியாகப் புரியவில்லை என்று நினைத்தேன். எத்தனை சொல்லியும் கேட்கவில்லை. முடிச்சை அவிழ்த்து, துண்டை மடியில் வைத்தார். "நல்லா பாத்துக்க. பொறவு தெரியலன்னு சொல்லப்புடாது."

பார்த்தேன். முதலில் என் கண் நழுவி நழுவிக் கீழே போயிற்று. ஆறு வருடப் பழக்கம். அவர் சோற்றைப் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தார், நான் பார்க்கட்டும் என்றே மெதுவாக. வெண்மை மேலுதட்டில் தொடங்கி, இடது கன்னத்தில் ஒரு தீவு போல ஒதுங்கியிருந்தது. முன்பல் ஒன்று லேசாக மற்றதன்மேல் ஏறியிருந்தது. மூக்கின் நுனி சின்னப் பிள்ளையுடையதுபோல உருண்டை. அவர் இவ்வளவு இளமையானவர் என்று எனக்குத் தெரியாது. குரலை வைத்து அம்மா வயது என்று நினைத்திருந்தேன். நாற்பதுகூட இருக்காது.

"என்னட்டி, பேயப் பாத்த மாதிரி பாக்க?"

"அழகாத்தான் இருக்கீங்க."

"போட்டி இவளே." முகம் முழுக்கச் சிரிப்பு பரவியது. அக்கா சிரித்து நான் நூறு தடவை கேட்டிருக்கிறேன். பார்த்ததில்லை.

சிரிப்பு நின்றதும் நான் கேட்டேன். "மேஸ்திரிதான் செஞ்சிருக்காருன்னு நெனச்சேன். இப்பவும் அப்படித்தான் தோணுது. அவரு கண்ணு சரியில்லக்கா. காலையிலருந்து ஒங்களைப் பாக்கவே மாட்டேங்காரு."

அக்கா வாளியைக் கழுவிக் கவிழ்த்தார். "நீ நெனச்சது ஒண்ணும் தப்பில்ல," என்று மட்டும் சொன்னார்.

மதியம் மூன்று மணி நேரம் எனக்கு நரகம். யார் வந்தார்கள், யாருக்கு என்ன எரிந்தது எதுவும் மனதில் நிற்கவில்லை. என் ஒரு கண். அவ்வளவுதான். டீச்சருக்குத் தெரியாது என்பது உறுதி. மேஸ்திரிக்குத் தெரிந்தாலும் திறக்கமாட்டார். மேடம் என்ன சொன்னாலும் ஏதோ ஒரு வழி வைத்திருப்பார். நாலு மணிக்குச் சிவப்பு விழும். நாளைக் காலையில் அக்காவின் பெயர் இருக்காது. எங்கள் பாத்தியில் வேறு யாரோ வந்து பலகையைப் பிடிப்பார்கள். இடையில் ஒருமுறை மேஸ்திரி, தலைவலி என்று வீட்டுக்குப் போகக் கேட்டார். மாற்று ஆள் இல்லை என்று மேடம் விடவில்லை. என் சந்தேகம் அதோடு முழுதாக உறுதிப்பட்டது.

நாலு மணிக்கு அக்கா மஞ்சள் கோட்டில் வந்து நின்றார். கத்திரிப்பூச் சேலை, திறந்த முகம். என் கண் அந்தக் கன்னத்துத் தீவுக்கு நேராகப் போயிற்று. எனக்குள் ஏதோ விரிந்ததை நான் உணர்ந்தேன் என்று சொன்னால் பொய். எதுவுமே தெரியவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

பச்சை.

வரிசையில் யாரோ விசில் அடித்தார்கள். மரியதாஸ் மறுபடி வேடிக்கை பார்க்க வந்திருந்தார், "எக்கா, நமக்கும் மறக்க முடியாத மொகந்தான்!" என்று கத்தினார். நான் தாடையைத் தாங்கியில் வைத்தபடியே அழுதேன். டீச்சர் எப்போது பார்த்தார் என்று புரியவில்லை. பார்த்திருக்க வேண்டும், மதியம் ஜன்னல் வழியாகவாவது.

ஆறு மணிக்கு எங்களை விட்டார்கள். அக்கா வாசலில் காத்திருந்தார். விரலில் மை. உப்பளத்தை நோக்கிச் சேர்ந்து நடந்தோம்.

"டீச்சர் கண்ணும் தொறந்துட்டு பாத்தீங்களா," என்றேன்.

அக்கா இடுப்பிலிருந்து இரண்டு தாள்களை எடுத்து என்னிடம் நீட்டினார். ஒன்று காலையில் கொடுத்தது, ஒன்று மாலையில். ஒவ்வொன்றிலும் மூன்று வட்டங்கள், நாற்காலி வரிசைப்படி. கண் திறந்த நாற்காலிக்கு வட்டம் கறுப்பாக நிரம்பியிருக்கும் என்று கீழே சிறிய எழுத்தில் அச்சிட்டிருந்தது.

மாலைச் சீட்டில் முதல் வட்டம் கறுப்பு. அது நான். இரண்டாவது காலி. மூன்றாவது கறுப்பு.

காலைச் சீட்டைப் பார்த்தேன். முதலாவது காலி. இரண்டாவது காலி. மூன்றாவது கறுப்பு.

"மேஸ்திரியா?" நான் நின்றுவிட்டேன். "காலையிலயே அவரு கண்ணு மட்டுந்தான் தொறந்திருக்கு. எக்கா, நான் பகல் பூரா அவரைப் போயி... நீங்க ஏன் சொல்லல?"

"சொன்னா அடுத்தாப்புல என்ன கேட்டிருப்ப?"

இரண்டு சீட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

"அவனுக்கு எப்படிக்கா ஒங்க மொகம் தெரியும்னு கேட்டிருப்ப. எல்லாத்துக்கும் முன்னால. டீச்சரு, மேடம், வரிசையில நிக்கவன் அம்புட்டுப் பேருக்கும் முன்னால."

கூட நடந்தவர்கள் முன்னே போகட்டும் என்று அக்கா காத்திருந்தார். பிறகு சாதாரணமாக, அளத்து வேலையைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார். "வேலை முடிஞ்சு பம்புசெட்டுக்குள்ள குளிப்பேன்ல. அங்கதான் துண்ட அவுப்பேன். வேற எங்கயும் கெடையாது. தகரத்துல ஆணி புடுங்குன ஓட்டை மூணு உண்டு. சாக்க வச்சு அடைச்சிட்டு வருவேன். மறுநா போனா சாக்கு கீழ கெடக்கும். எலி இழுக்குன்னு நெனச்சேன், ரெண்டு வருசமா." பம்புசெட்டு இருந்த பக்கம் திரும்பினார். "இன்னைக்குக் காலையிலதான் தெரிஞ்சுது."

ஒன்பதரை மணிக்கு அந்தத் தாளைப் பார்த்தபடி அவர் நின்றது எனக்கு நினைவுக்கு வந்தது.

"அவங்கண்ணு சாயங்காலமும் தொறக்கும்னு தெரியும். அதான் நீ ஒருத்தி போதும்னேன்."

"மேடத்துட்ட சொல்லுவோம்க்கா. இந்தச் சீட்டு இருக்குல்லா?"

"என்னன்னு சொல்ல? அவனுக்கு என்னைத் தெரியுதுன்னா? அது குத்தமா? கண்ணு எதப் பாத்துச்சுன்னு மெசினு சொல்லும். எங்க வச்சுப் பாத்துச்சுன்னு சொல்லாது." தாள்களை வாங்கி மறுபடி மடித்தார். "அவங் கண்ண வச்சுத்தான் எம்பேரு நின்னுருக்கு. அத நெனச்சாத்தான் உமட்டுது."

ஊர் ஓட்டின் முடிவு வர இரண்டு நாள் ஆகும் என்றார்கள். மறுநாள் வழக்கம்போல அளத்துக்குப் போனோம். மேஸ்திரியும் வந்தார், வரப்பில் நின்று வழக்கம்போல அதட்டினார். நானும் அக்காவும் ஒரே பாத்தியில் வாரினோம். சாப்பாட்டு நேரத்தில் அக்கா வாளியைத் திறந்தபோது, பக்கத்திலிருந்த பெண்கள் பழக்கப்படி வானத்தைப் பார்த்தார்கள். நான் அக்காவைப் பார்த்தேன்.

மதியம் வேலை முடிந்து அக்கா பம்புசெட்டுக்குள் போனார். நான் வெளியே தகரத்தில் முதுகைச் சாய்த்து நின்றேன். உள்ளே மோட்டார் ஓடும் சத்தமும் தண்ணீர் விழும் சத்தமும் கேட்டன. வெயிலில் உப்புக் குவியல்கள் கண்ணைக் கூசச் செய்தன.

கொஞ்ச நேரத்தில் வரப்பின் வளைவில் வண்டி வந்தது. என்னைக் கண்டதும் வேகம் குறைந்தது. மேஸ்திரி ஒரு காலை ஊன்றி நின்றார்.

"என்ன புள்ள, இங்க ஒனக்கு என்ன சோலி?"

நான் கழுத்து முடிச்சை அவிழ்த்தேன். துண்டை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டேன். அவர் நெற்றியிலிருந்து தொடங்கினேன். புருவத்தில் ஒரு பழைய வெட்டு. வலது கண்ணுக்குக் கீழே மரு. மூக்குப்பொடிக் கறை படிந்த மீசை. எதையும் விடாமல், நேற்று வேம்படியில் பார்த்ததுபோலவே, நிதானமாகப் பார்த்தேன். அவர் முதலில் முறைத்தார். பிறகு கண்ணைத் தாழ்த்தினார். பிறகு வண்டியைத் திருப்பினார்.

உள்ளே தண்ணீர் நின்றது.

"யாருட்டி அது?" என்றார் அக்கா.

"தெரிஞ்ச ஆளுதான்க்கா," என்றேன். "நீங்க குளிங்க."